வாசலுக்குத் திரும்பிய சாக்லேட்

ஆண்டர்சன்பேட்டையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். எதிர் டீக்கடை டிவியில் ஆப்பிரிக்கா முழுவதையும் சிவப்பாகக் காட்டுகிறார்கள். காய்ச்சல் பரவுவதோ ஏதோ ஒரு மூலையில்.

பக்கத்தில் ஓர் அம்மா, மடியில் வெளிநாட்டு சாக்லேட் பையோடு உட்கார்ந்திருக்கிறார்.

"எம் புள்ளைக்கு அந்த ஆப்பிரிக்காவுலதாங்க தங்கச் சுரங்கத்துல வேலை. காய்ச்சல் வந்த ஊரு அவனுக்கு ரொம்ப தூரம். லீவுல வந்தவன் எங்க லைன்ல வீட்டுக்கு வீடு இதைக் குடுத்தான். டிவியைப் பாத்துட்டு, அத்தினியும் எங்க வாசப்படியிலயே திருப்பி வெச்சிட்டுப் பூட்டாங்க."

"இப்ப எங்கம்மா அவரு?"

"பாதி லீவுலயே நான்தான் போடான்னு அனுப்பிட்டேன். அனுப்பியிருக்கக் கூடாது."

எனக்கும் ஒன்றை நீட்டுகிறார். பிரித்து வாயில் போடுகிறேன். நான் விழுங்கும் வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.