பிறந்த வீட்டுக் கோடி

அம்மா இறந்த அன்று காலையில் நான் செய்த முதல் காரியம் ஒரு முட்டாள்தனம். அதை மறைத்துவிட்டு அம்மாவின் பெருமைகளை மட்டும் எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேர் அன்று அங்கே நின்று பார்த்தவர்கள். மீதிப் பேருக்கு அந்தப் பாதிப் பேர் சொல்லியிருப்பார்கள். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

மருத்துவமனையிலிருந்து அம்மாவின் உடல் அசாம் ஜாவாவிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள், ஒரே மகன் ஆயிற்றே, ஏதாவது உருப்படியாகச் செய்ய வேண்டும் என்று காரை எடுத்துக்கொண்டு போனேன். துணிக்கடை திறக்கும்வரை வாசலிலேயே நின்று, இருப்பதிலேயே பளபளப்பான பட்டுச் சேலையை வாங்கி வந்தேன். அம்மாவுக்குப் போர்த்தும் கோடி அது என்று எண்ணம். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, பையைப் பிரித்துப் பார்த்தார்.

“யாருடா வாங்குனது?”

“நான்தான் அத்தை. நல்லாருக்கா?”

“நல்லாருக்கு. கொண்டு போயி ஒம் பொண்டாட்டிக்குக் குடு. பொறந்த வீட்டுக் கோடிய பெத்த புள்ளையா வாங்குவான்? கழுத வயசாச்சு, இதுகூடத் தெரியல.”

உண்மையிலேயே தெரியாது. எத்தனையோ துக்க வீடுகளுக்குப் போயிருக்கிறேன். வெளியே கூடாரத்தில் உட்கார்ந்து ஆண்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பேன். உள்ளே பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்த்ததில்லை. கணவன் வீட்டில் ஒரு பெண் எவ்வளவு காலம் வாழ்ந்திருந்தாலும், கடைசியாக அவர் மேல் விழும் சேலை பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டுமாம். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து போர்த்த வேண்டுமாம். அது வராமல் எடுத்துப் போனால், நாதியற்றுப் போனதாக அர்த்தமாம். அத்தை இதைச் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

அம்மாவின் பிறந்த வீட்டில் மிஞ்சியிருப்பது ஒரே ஓர் ஆள். அம்மாவின் தம்பி. எங்கள் மாமா. அம்பாங் பெச்சாவில் இருக்கிறார். எங்களோடு பேச்சுவார்த்தை நின்று பல வருடங்களாகியிருந்தன.

அம்மா பிறந்ததும் அந்தப் பக்கம்தான், ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். மாமா தவழ்ந்துகொண்டிருந்தபோதே அவர்களைப் பெற்ற தாய் காலமாகிவிட்டார். தாத்தா விடியுமுன்னே பால்மரத்துப் பட்டை வெட்டக் கிளம்பிவிடுவார். அம்மா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டார். பிறகு தாமும் பால் வாளி சுமக்கப் போனபோது, தம்பியை மரத்தடியில் சாக்கு விரித்து உட்கார வைத்து, கொசுவுக்குப் புகை போட்டுவிட்டு வேலை பார்த்தாராம்.

கோலசிலாங்கூர்ப் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்திலிருந்து அப்பா பெண் கேட்டு வந்தார். கல்யாணம் முடிந்து பெண்ணை அனுப்பும்போது மாமா அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவரையும் லோரியில் ஏற்றிக்கொண்டுதான் வந்தார்கள். “ஒரு ஆளப் பேசிட்டு ரெண்டு ஆளக் கூட்டிட்டு வந்தேன்” என்று அப்பா சொல்வார். சொல்லும்போது முகத்தில் நஷ்டம் எதுவும் தெரியாது.

செம்பனைக் காட்டில் அப்பாவும் அம்மாவும் ஒரு சோடி. நீளமான கம்பில் கட்டிய அரிவாளால் அப்பா குலைகளை அறுத்துத் தள்ளுவார். அம்மா பின்னால் குனிந்து, உதிர்ந்த பழங்களைச் சாக்கில் பொறுக்குவார். முள் குத்தாத விரல் அம்மாவுக்குக் கிடையாது. “ஒங்கப்பா என்கிட்டக் கொஞ்சிப் பேசுன ஒரே பேச்சு ‘தள்ளி நில்லு’ங்கிறதுதான்” என்பார். தலையில் குலை விழுந்துவிடக் கூடாதே என்று அப்பா நாள் முழுக்க அதைத்தான் கத்திக்கொண்டிருப்பார். அந்த வருமானத்தில் அக்காவைத் தாதியாக்கினார்கள். என்னையும் படிக்க வைத்தார்கள். அதனால் விளைந்த பலனைப் பற்றி இந்த மலரில் எழுத இடம் போதாது என்று சொல்லிக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு வெகு காலம் கழித்துத்தான் பிள்ளை பிறந்தது; அதற்குள் மாமா வளர்ந்து, கல்யாணமாகி, அம்பாங் பெச்சாவுக்குப் போய்விட்டிருந்தார். அவருக்கு ஒரே மகன். அக்கா அந்த மகனுக்குத்தான் என்று பெரியவர்கள் சிறு வயதிலிருந்தே பேசி வைத்திருந்தார்கள். அக்காவை யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் மாமா தட்டு, பூ, பழத்தோடு வந்து இறங்கிவிட்டார். அக்கா அறையை விட்டு வெளியே வரவில்லை. அம்மா உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து கூடத்தில் நின்றார்.

“அவளுக்கு இஷ்டம் இல்ல தம்பி. ஒண்ணா வெளயாடுனவன், அண்ணன் மாதிரின்னு சொல்றா.”

“சின்னப் புள்ள சொல்றது இருக்கட்டும். நீ என்னா சொல்ற?”

“நானும் அதத்தான் சொல்றேன்.”

மாமா தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அக்காவின் கல்யாணத்துக்கு வரவில்லை. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் வேறு யாரோ நின்றார்கள். அம்மா அன்று மணமேடைப் பக்கம் அதிகம் பார்க்கவில்லை, வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகொரு முறை, கோலகுபு பாருவில் கோயில் திருவிழாவுக்குப் போனபோது, மாமா எதிர்ச்சாரியில் வந்தவர் எங்களைக் கண்டதும் திரும்பிப் போய்விட்டார். வீடு வந்து காரை விட்டு இறங்கும்போது அம்மா சொன்னார்: “தம்பி மெலிஞ்சிட்டான்லா.”

கடைசி வருடங்களில் அம்மாவுக்குச் சிறுநீரகம் கைவிட்டது. ரத்தம் சுத்திகரிக்க அப்பாதான் கூட்டிப் போவார். அங்கே அம்மாவைச் சிரிக்க வைப்பது என் வேலை. அம்மா சிரிப்பார், அலுத்துப்போனால் “போதும், தாதிமாருங்க வேல செய்யட்டும்” என்பார். தம்பியைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. கேட்காததாலேயே, அவர் அந்த நினைப்பாகவே இருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும்.

அம்மா இறந்த அன்று மாமாவுக்கு அழைத்தது நான்தான். அக்கா அழைக்கிறேன் என்றார். உன் குரலைக் கேட்டால் வைத்துவிடுவார் என்று சொல்லி, தொலைபேசியை நானே வாங்கிக்கொண்டேன். மாமா எடுத்தார்.

“மாமா, நான்தான். சாப்பிட்டீங்களா?”

அம்மா செத்துக் கிடக்கும்போது கேட்கிற கேள்வியா இது! பக்கத்திலிருந்த அத்தை தலையில் அடித்துக்கொண்டார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். மாமா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. துண்டித்துவிட்டார்.

மதியம் ஆயிற்று. அம்மாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தாயிற்று. சடங்கு செய்ய வந்த பண்டாரம் அவசரப்பட்டார்.

“பொறந்த வீட்டுக் கோடி வந்துருச்சா? நேரம் ஓடுது. தம்பி மொறையில வேற யாராச்சும் இருந்தா போத்தச் சொல்லுங்க.”

அம்மாவுக்குத் தூரத்துத் தம்பி முறையாகும் ஒருவர் எழுந்தும் விட்டார். அத்தை என் பட்டுச் சேலையைக்கூட எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். அக்கா சுவரில் சாய்ந்து நின்றார். தன்னால்தான் அம்மா இப்படிப் போகிறார் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. காலையிலிருந்து வாய் திறக்காத அப்பா அப்போதுதான் பேசினார்.

“ஒக்காரு. மச்சான் வருவான்.”

“வரலன்னா?” என்றார் பண்டாரம்.

“வரலன்னா இங்கயே கெடக்கட்டும். நான் பாத்துக்கிறேன்.”

அழுதவர்கள்கூட ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சந்து முனையில் ஒரு லோரி திரும்பியது. ஓட்டி வந்தது மாமாவின் மகன். மாமா தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அதில் பூ, மஞ்சள், தேங்காய், ஒரு பச்சைச் சேலை. விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. அத்தை அதை நகத்தால் சுரண்டி எடுத்தார். மாமா அம்மாவின் தலைமாட்டில் நின்று சேலையைப் பிரிக்கப் பார்த்தார். ஒற்றை ஆளாகப் பிரிக்க முடியவில்லை. தலையைத் தூக்கி, சுவரோரம் நின்ற அக்காவைப் பார்த்தார்.

“ஏம்மா அங்க நிக்கிற? வந்து ஒரு பக்கம் புடி.”

அக்கா ஓடி வந்து பிடித்தார். இருவருமாகப் போர்த்தினார்கள். அதன் பிறகு மாமா அழுத அழுகையை இங்கே எழுத மாட்டேன்.

அம்மாவின் கடைசிக் காலத்தில் துணை நின்ற எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் கரம் கூப்பிய நன்றி. கூடாரம் போடத் தங்கள் வாசலையும் விட்டுக்கொடுத்து, வந்தவர்களுக்குத் தேநீர் கலக்கிக் கொடுத்த பக்கத்து வீட்டு மலாய்க்காரக் குடும்பத்தை மறக்க மாட்டோம். ஜெராமில் அஸ்தி கரைக்கப் படகு தந்து, அம்மாவைக் கடலிடம் ஒப்படைத்து, வாந்தி எடுத்து மயங்கிய என்னைப் பத்திரமாகக் கரை சேர்த்த நண்பருக்குத் தனி நன்றி. திட்டித் திட்டியே எல்லாச் சடங்கையும் முறையாக நடத்தி முடித்த அத்தைக்கும் நன்றி.

மாமாவுக்கு எப்படி நன்றி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. போன வாரம் ஆண்டுத் திதிக்குச் சொல்ல அம்பாங் பெச்சாவுக்குப் போனபோது அவரிடமே கேட்டேன். “மாமா, பழசையெல்லாம் மறந்து எங்கம்மாவுக்காக வந்தீங்க. மலர்ல ஒங்களுக்குத்தான் மொத நன்றி போடணும். என்னா எழுதட்டும்?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஒனக்கு முன்னயே அவ எனக்கு அம்மாடா.”