மூன்று நாள் கெடு

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் நாகலெட்சுமி. அவள் கணவர் யோகேஸ்வரன் தொழிற்சாலையில் இருபது வருடம் தேயிலைத் தூசிக்குள் நின்று, நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்தவர். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் இருந்தால் ஆள் தாங்குவார் என்றார் டாக்டர். புதிதாக வாங்க வழியில்லை. போனில் ஓர் ஏலச் செயலியில், பழைய மெஷின் ஒன்றை விடாமல் விலை ஏற்றிக் கேட்டு எடுத்தாள்.

பார்சல் வந்தது. சுவிட்சைப் போட்டால் மெஷின் உறுமியது. குழாயில் காற்று வரவில்லை. விற்ற நிரஞ்சனுக்குப் போன் எடுத்தாள்.

“ஃபில்டர் ஈரமா இருக்கும்மா. நாலு நாள் காயவிட்டுப் போட்டுப் பாருங்க,” என்றான் அவன்.

நம்பினாள். மழை விடாததால் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைத்தாள். ஐந்தாம் நாள் அவன் போனை எடுக்கவில்லை. செயலியை நடத்தும் கொம்பனிக்குப் போன் எடுத்தாள். அங்கே பேசிய பெண் குரலை உயர்த்தவேயில்லை.

“முறைப்பாட்ட மூணு நாளைக்குள்ள போட்டிருக்கணும் மேடம். நாங்க விக்கிறதுக்கு இடம் மட்டுந்தான் குடுக்குறோம். பொருளுக்கு விக்கிறவருதான் பொறுப்பு. நிபந்தனைய வாசிச்சு வாங்குறது உங்க பொறுப்பு.”

“மனுசன் மூச்சு விட முடியாம கெடக்குறாரு தங்கச்சி. அதுக்கு யாரு பொறுப்பு?”

“வேற ஏதும் உதவி வேணுமா மேடம்?”

அடுத்த வாரம் யோகேஸ்வரன் இறந்தார். கடைசி இரண்டு நாளும் அவர் நெஞ்சு இழுத்த சத்தம் லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராவரை கேட்டது.

கருமாதி முடிந்ததும் அவள் அந்த மெஷினை அதே செயலியில் ஏலத்துக்குப் போட்டாள். முதலில் ‘வேலை செய்யாது’ என்றுதான் எழுதினாள். இரண்டு நாளாக ஒருவரும் கேட்கவில்லை. அதை அழித்துவிட்டு ‘நல்ல நிலை’ என்று எழுதினாள். இறம்பொடை வினோஜன் என்பவன் தன் அம்மாவுக்காக அதை ஏலத்தில் எடுத்தான்.

பார்சல் போய்ச் சேர்ந்த அன்றே அவன் பேசினான். “அக்கா, மெஷின் ஓடுது, காத்து வரல்லைங்க. அம்மாவுக்கு மூச்சு ரொம்ப முட்டுது.”

அவன் குரலுக்குப் பின்னால் அந்த இழுப்பு கேட்டது. இன்றைக்கே முறைப்பாடு போடுங்க என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் மெஷின் திரும்பி வந்துவிடும்.

“ஃபில்டர் ஈரமா இருக்கும் தம்பி,” என்றாள். “நாலு நாள் காயவிடுங்க.”

“சரிக்கா. ரொம்ப நன்றிக்கா.”

ஐந்தாம் நாள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது அவன் போன் வந்தது. மூன்று தடவை. அவள் போனை இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த படங்குச் சாக்குக்குள் சொருகிவிட்டுப் பறித்தாள். அந்த வாரமே கொம்பனியிலிருந்து செய்தி வந்தது: கெடு முடிந்து வந்த முறைப்பாடு தள்ளுபடி, உங்கள் மீது பொறுப்பு எதுவும் இல்லை.

அதை இரண்டு தடவை வாசித்தாள். வினோஜனிடமிருந்து பிறகு போன் வரவில்லை. அவன் அம்மா என்ன ஆனாள் என்று அவள் விசாரிக்கவும் இல்லை.