மழையைக் கீழேயிருந்து கேட்டவர்

கடற்படைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டேன் என்றால் எல்லோரும் வெள்ளை உடுப்பையும் தொப்பியையும்தான் நினைத்துக்கொள்கிறார்கள். என் வீட்டுக்காரர் லீவில் வந்தால், அவருக்கு முன்னால் டீசல் வாடை வாசலுக்கு வந்துவிடும். எத்தனை தடவை துவைத்தாலும் சட்டையை விட்டுப் போகாது. அவருக்கு நீர்மூழ்கிக் கப்பலில் வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெளியே தண்ணீரில் என்ன சத்தம் வருகிறது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும். அந்தக் கப்பலுக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே இருக்கிற எழுபது பேரும் இவர் காதை நம்பித்தான் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

நானும் ஹெட்போன்காரிதான். நந்தனத்தில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். “ரெண்டு பேருக்கும் காதாலதான் சோறு” என்று அவர் கிண்டல் செய்வார். நான் சிரிக்க மாட்டேன். வருஷத்தில் பாதி நாள் அவர் எங்கே இருக்கிறார் என்றுகூடத் தெரியாமல் இருந்து பாருங்கள், சிரிப்பு வருகிறதா என்று.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசி. எனக்கு எட்டாவது மாதம். அவர் லீவில் வந்திருந்தார். மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் வரைக்கும் தண்ணீர் நின்றது. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. வெளியே போக வழியில்லை. மத்தியானம் சாப்பிட்டதும் கதவைத் திறந்துவைத்துவிட்டு, இரண்டு பேரும் வெறும் தரையில் படுத்துக்கிடப்போம். வெளிச்சம் பச்சைத் தண்ணீருக்குள் இருப்பதுபோல மங்கலாக இருக்கும். தூக்கமா விழிப்பா என்று தெரியாத நேரம் அது. அப்போதுதான் அவர் பேசுவார்.

வாயைத் திறக்காத மனுஷன். டம்ளரைக்கூடச் சத்தம் வராமல்தான் கீழே வைப்பார். கப்பலில் பழகிய பழக்கம். ஆனால் அந்த மத்தியானங்களில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். கரைக்குக் கிட்டே வந்தால் இறால் கூட்டம் கடுகு பொரிகிற மாதிரி படபடக்குமாம். திமிங்கிலம் தூரத்தில் எங்கோ பாடினால், வேலையில்லாதவர்கள்கூட ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன் என்று ஹெட்போனைக் கேட்பார்களாம்.

“மழையைக் கீழேர்ந்து கேட்டிருக்கியா?” என்றார் ஒருநாள்.

“அய்ய, நான் எங்க போய்க் கேக்கறது?”

“மேல பேஞ்சுகினு இருக்கும். கடல் முழுக்க யாரோ அரிசியைக் கொட்டிகினே இருக்கிற மாதிரி கீது. அது வந்துட்டா வேற எதுவும் கேக்காது.”

அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் ஒருவர், பாகிஸ்தானோடு நடந்த எழுபத்தொன்று சண்டையில் கடலுக்கடியில் இருந்தவராம். எதிரிக் கப்பல் மேலே திரிகிறது என்று தெரிந்ததும் மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். அடுப்பு கிடையாது, பேச்சு கிடையாது. வேர்வை சொட்ட அவரவர் இடத்தில் படுத்துக்கிடப்பார்கள். ஹெட்போன் மாட்டியவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அந்தச் சண்டையில் அவர்கள் ஒரு குண்டுகூடப் போடவில்லை. ஊருக்குத் திரும்பியதும் என்ன செய்தாய் என்று கேட்டவர்களிடம் அந்த சீனியருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கேட்டோம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இதையெல்லாம் கேட்டு நான் மயங்கிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். லீவு முடிந்து போனதும் அவருக்குக் காதுப் பரிசோதனை இருந்தது. தேறிவிட்டால் திரும்பவும் தண்ணீருக்கடியில். தேறாவிட்டால் கரையில் ஏதாவது ஸ்டோரில் உட்காரவைத்துவிடுவார்கள், சாயங்காலமானால் வீடு. தேறக் கூடாது என்று நான் பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன். மனசறிந்துதான் வேண்டிக்கொண்டேன். பிறக்கப்போகும் பிள்ளைக்கு அப்பன் வேண்டாமா? வீட்டோடு இருந்துவிடு என்று அவரிடமும் நச்சரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பரிசோதனைத் தேதியைச் சொல்ல விசாகப்பட்டினத்திலிருந்து மாடிவீட்டு போனுக்கு அழைப்பு வந்தது. அவர் போய்ப் பேசினார். நான் மெதுவாகப் படியேறிப் போய் வாசற்படியில் நின்றேன். எடுத்ததும் ரிசீவரை இடது காதில் வைத்தார். ஒரு நொடிதான். உடனே வலது காதுக்கு மாற்றிக்கொண்டார். வேறு யாராவது பார்த்திருந்தால் ஒன்றும் தோன்றியிருக்காது. நான் நாள் முழுக்க அதே வேலையில் கிடப்பவள். கேட்கிற காதை விட்டு யாரும் ரிசீவரை மாற்ற மாட்டார்கள்.

கீழே வீட்டுக்கு வந்ததும் அவர் பேப்பர் படிக்க உட்கார்ந்தார். வளைகாப்பு முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. என் கையில் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். அவருக்குப் பின்னால் இடப்பக்கமாகப் போய் நின்று கையை லேசாக ஆட்டினேன். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் ஆட்டினேன். பேப்பரைப் புரட்டினார். வலப்பக்கம் வந்து ஆட்டியதும் “இன்னா, அங்கியே நின்னுகினு கீறே?” என்றார்.

அவருக்கு எதிரே வந்து நின்றேன்.

“எத்தினி நாளா இப்படி?” என்றேன்.

“எப்படி?”

“யோவ், யார்கிட்ட மறைக்கறே? நான் ஆபரேட்டர்யா!”

பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். கப்பல் நீர்மட்டத்துக்குக் கிட்டே வந்து குழாய் வழியாகக் காற்று இழுக்கும்போது அலை வந்து குழாய் வாய் மூடிக்கொள்ளுமாம். எஞ்சின் நிற்காமல் உள்ளே இருக்கிற காற்றையே உறிஞ்சும். எல்லாருக்கும் காது டப்பென்று அடைத்துக்கொள்ளும், பிறகு விட்டுவிடும். கடைசிப் பயணத்தில் இவருக்கு இடது காது விடவே இல்லை.

“சளி புடிச்சிருந்துச்சு. அதான். சரியாப்பூடும்.”

“சரியாவலன்னா?”

“ஆவும்னு சொல்றேன்ல!”

அதற்கப்புறம் தினம் மத்தியானம் என்னைப் பின்னால் நிற்கவைத்து வளையலை ஆட்டச் சொல்லிப் பயிற்சி எடுத்தார். வலது காதைப் பஞ்சால் அடைத்துக்கொள்வார். நான் ஆட்டுவேன், அவர் கையைத் தூக்குவார். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் ஒவ்வொரு தடவையும் டாண் டாணென்று கை மேலே போனது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அப்புறம் பார்த்தால் எதிரே பீரோக் கண்ணாடி. அதில் என் கையைப் பார்த்துக்கொண்டே தூக்கியிருக்கிறார், கள்ளன்! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. டாக்டர் அறையில் பீரோ இருக்காது என்பது அவருக்கும் தெரியும். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

லீவு முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. ஒரு மத்தியானம் மழை நின்றிருந்தது. தெருவில் சத்தமே இல்லை. நான் சுவரோரம் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். அவர் நகர்ந்து வந்து என் வயிற்றில் வலது காதை வைத்துக்கொண்டார். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி அடக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். அவர் வேலை செய்வதை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். முகத்திலிருந்து எல்லாம் வடிந்துபோய், காது மட்டும்தான் மிச்சம் இருந்தது. மற்றக் கப்பல்களை ஓட்டும் விசிறி தண்ணீரில் சுற்றுகிற சத்தத்தை எண்ணுகிற பழக்கத்தில் விரல் தானாகத் தரையில் தட்ட ஆரம்பித்தது. தட்டத் தட்ட வேகம் கூடியது.

“கேக்குதும்மா. சின்ன மோட்டார் போட்டு. ஃபுல் ஸ்பீடுல வருது” என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவர் அந்த இடத்தை விரலால் தொட்டு வைத்துக்கொண்டு தலையைத் தூக்கினார். தலையைத் திருப்பி, அதே இடத்தில் இடது காதை வைத்தார். நான் கேட்கச் சொல்லவில்லை. அவராகத்தான் வைத்தார். தரையில் இருந்த விரல் அசையவில்லை. உள்ளே குழந்தை புரண்டு ஓர் உதை விட்டது, சரியாக அவர் கன்னத்தில்.

“ஒதைக்கறது தெரியுது,” என்றார். “சத்தம் இல்ல.”

நான் அவர் தலைமேல் கையை வைத்தேன்.

“என்னை நம்பி எழுபது பேரு உள்ள தூங்கறான். டெஸ்டு வரைக்கும் போவ வேணாம். போனதும் நானே சொல்லிடறேன்.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாய்விட்டு அழுதேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“நான் வூட்டோட இருக்கணும்னுதானே ஒத்தக்கால்ல நின்னே? அப்புறம் இன்னா அழுவறே?”

“ஆமாய்யா, நீ வூட்டோட இருக்கணும்னுதான் கேட்டேன். இப்படியா கேட்டேன்?”

அவர் திரும்பவும் வலது காதை வயிற்றில் வைத்துக்கொண்டார்.

“அழுவாதே,” என்றார். “கொஞ்ச நேரம் கேட்டுக்கறேன்.”

வயிறு குலுங்காமல் இருக்க, நான் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டேன்.