சவிரி அண்ணனின் சைக்கிள் கேரியர்

எனக்கு சைக்கிள் ஓடத் தெரியாது.

வயது ஐம்பத்துமூன்று. சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள்... இது தெரிந்த ஒரே மனிதர் நேற்றுக் காலை போய்விட்டார்.

சவிரி அண்ணன். வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் கேஸ் கடையில் சிலிண்டர் டெலிவரி செய்தவர். மெலிந்த உடம்பு, கேரியரில் பழைய டியூப்பால் இறுக்கிக் கட்டிய சிலிண்டர், வாயில் விசில்... அந்தப் பக்கத்து ஆட்களுக்கு முகம் ஞாபகம் வரும்.

கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டு வாசலில் இருந்துதான் எழுதுகிறேன். செத்தவீட்டுக்குப் போட்ட கதிரையில் இருப்பது பெயருக்குத்தான். ரோட்டு வரை நடக்கிறேன், திரும்பி வருகிறேன், மறுபடி எழும்புகிறேன். மூன்று பிளேன்டீ குடித்தாயிற்று.

கடையில் சேர்ந்த புதிதில் ஒரு நாள், டெலிவரிக்கு ஆள் இல்லை என்று முதலாளி என்னிடம் சைக்கிளைத் தந்தார். தெரியாது என்று சொல்ல வெட்கம். சிலிண்டரோடு உருட்டிக்கொண்டு போய் ஒழுங்கை திரும்பும் முடக்கில் ஒளிந்து நின்றேன்.

சவிரி அண்ணன் வந்தார். என்னைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார்.

"போய் ஒரு டீ குடிச்சிட்டு வாடா."

அவ்வளவுதான். அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

நான் வாய்க்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணம் பேசிய நாட்களில் மனைவியிடம் நான் சைக்கிள் ரேஸ் ஓடியவன் என்று விட்டேன். ஒரு கப் கிடைத்தது என்றும் சேர்த்து விட்டேன். மகள் துஷி அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தாள்.

பிறகு ஒரு லீவுக்கு யாழ்ப்பாணம் போனோம். அந்தப் பக்கமே பார்த்ததில்லை என்று சவிரி அண்ணனும் எங்களோடு வந்தார். ஒரு நாள் நெடுந்தீவுக்குப் படகு எடுத்தோம்.

படகில் துஷி கத்தினாள்.

"அப்பா, அங்க சைக்கிள் வாடகைக்கு இருக்காம்! தீவைச் சுத்தி நீங்களும் நானும் ரேஸ்!"

கடல் அமைதியாகத்தான் இருந்தது. நான் மட்டும் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

இறங்குதுறையில் வாடகைக்காரர் நான்கு சைக்கிளைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார். துஷி ஏறிவிட்டாள். மனைவியும் ஏறிவிட்டா. பன்னிரண்டு வயதுப் பிள்ளை என் முகத்தையே பார்க்கிறது... நான் செருப்பு வாரைச் சரி செய்கிறேன். ஒரே வாரை. திரும்பத் திரும்ப.

சவிரி அண்ணன் நான்காவது சைக்கிளின் டயரை அமத்திப் பார்த்தார். "இது சரிவராது. மூணு போதும்."

"அப்ப இவர் என்னண்டு வாறது?" என்றா மனைவி.

"இவன நான் கேரியர்ல கட்டிக்கிட்டு வாறேன்."

"அப்பா ஏன் ஓடேல்ல?" துஷிக்கு அழுகை வரப் பார்த்தது.

"உங்கப்பா ஓடத்தாம்மா நிக்கிறான். நான்தான் விடல்ல. இந்த உடம்பு ஏறினா அந்த மனுசன்ட சைக்கிள் ரெண்டா போயிரும்."

எல்லோரும் என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார்கள். வாடகைக்காரரும்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் பகிடி வாங்கியதில்லை.

அவருக்கு அப்போதே அறுபது தாண்டிவிட்டது. நான் தொண்ணூறு கிலோ. எதிர்க்காற்று வேறு.

"இடுப்பப் பிடிக்காத, கூசுது."

"எதைப் பிடிக்கிறது அண்ணே?"

"சிலிண்டர் எதையாச்சும் பிடிக்குதா? சும்மா இரு."

பாதை கல்லும் குழியுமான இடத்தில் அவர் இறங்கி, ஒரு கை ஹாண்டிலில், மறு கை என் முதுகில், கடைச் சிலிண்டரைத் தள்ளுவது போலவே என்னைத் தள்ளினார். இறங்கட்டுமா என்று கேட்டேன்... இறங்கினால் பலன்ஸ் போய்விடும் என்றார்.

வழியில் ஒரு கட்டைக் குதிரை நின்று எங்களையே பார்த்தது.

"பாத்துக்கடா. நம்மளவிடக் கேவலமா ஒருத்தன் பொதி சுமக்கிறானே எண்டு யோசிக்குது."

கடைசிப் படகுக்கு நாங்கள் இரண்டு பேரும்தான் பிந்தினோம். மனைவி ஒரு கால் படகிலும் ஒரு கால் கரையிலுமாக நின்று, "விட்டிடாதேங்கோ! என்ர மனுசன் வாறார்... அந்தா, பின்னுக்கு இருந்து வாறார்!" என்று கத்தியது இன்னும் காதில் கேட்கிறது.

இருங்கள், யாரோ கூப்பிடுகிறார்கள்...

இல்லை. வேறு யாரையோ.

கொழும்புக்கு வந்த பிறகு அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கடையில் நான் அவருடைய மொட்டையைப் பகிடி பண்ணினால் மட்டும், வெளியே போய் கேரியரை இரண்டு தட்டுத் தட்டுவார். எனக்கு வாய் கட்டிவிடும். என்ன மந்திரம் இது என்று முதலாளி கேட்பார். சவிரி அண்ணன் விசிலடித்துக்கொண்டு போய்விடுவார்.

அந்தச் சைக்கிள் இப்போது எனக்கு முன்னால் மதிலில் சாய்ந்து நிற்கிறது. கேரியரில் டியூப் சுற்றியபடியே இருக்கிறது. அதனால்தான் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை போல.

துஷி, நீ கனடாவில் இதை வாசிப்பாய். கப் ஒன்றும் இல்லை மகள். தேட வேண்டாம் என்று அம்மாவிடமும் நீயே சொல்லிவிடு.

சவிரி அண்ணே... மெதுவாப் போங்க. இந்தமுறை பின்னுக்குப் பாரம் இல்லை.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவருடைய மனைவி ரீட்டா அக்கா வந்து, "தம்பி, பேப்பர் கப் முடிஞ்சிருச்சி. அவர்ட சைக்கிள எடுத்துக்கிட்டு சந்திக் கடைக்கு ஒருக்கா போயிட்டு வாங்களேன்" என்றா. வந்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓம் என்று சொல்லி எடுத்தேன். இந்த ஒழுங்கை முடக்கு வரை உருட்டினேன். அன்றைக்குப் போல இன்றைக்கு யாரும் வரவில்லை. கடை வரைக்கும் உருட்டினேன். கப்பை வாங்கிக் கேரியரில் கட்டி, திரும்பவும் உருட்டினேன். வீட்டு வாசலில், எல்லோருக்கும் முன்னால், சைக்கிளும் நானும் விழுந்தோம். கப் பாதி நசுங்கிவிட்டது. முழங்காலில் தோல் போயிருக்கிறது.

இத்தனைக்கும் இன்னும் ஏறி ஓடிப் பார்க்கவில்லை.