மருதாயி நிறுத்திய காட்சி

இரண்டாம் வகுப்பைத் தாண்டாமலே போத்தனூரில் பஞ்சு ஆலை கட்டியவன் நான். கடிதம் என்றால் நான் சொல்லச் சொல்லக் கணக்குப்பிள்ளை பழனிசாமி எழுதுவார்.

பேசும்படம் வந்த புதிதில் ஊரே அந்த மயக்கத்தில் இருந்தது. நானும் என் ஆட்களுக்கு ஒரு படக்கதைப் போட்டி வைத்தேன். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து வாரம் ஒரு காட்சி எழுத வேண்டும். ஆறு வாரம், ஞாயிறு மதியம் பஞ்சுக் கிடங்கில் வாசிப்பு.

பழனிசாமிக்கு ஜோடி, பஞ்சில் தூசி பொறுக்கும் மருதாயி. அவள் சொல்ல, அவர் எழுதினார்.

"எழுதத் தெரியாதவ பேரு எதுக்கு?" என்று சொல்லி, ஜோடிகளின் பேர் எழுதும் பலகையில் அவர் பேரை மட்டும் போட வைத்தேன்.

அவர்கள் கதையில் ஒரு பெண் மேகங்களை ஆட்டு மந்தையாக ஓட்டிக்கொண்டு ஆனைமலை ஏறினாள். கேட்கக் கேட்க, கிடங்கில் மிதந்த பஞ்செல்லாம் எனக்கு மேகமாகவே தெரிந்தது.

ஆறாம் வாரம், கதைப் பெண் உச்சியை நெருங்கும்போது பழனிசாமி வாசிப்பை நிறுத்தினார். "மருதாயி மீதியச் சொல்ல மாட்டேங்குதுங்க."

"ஏன் மருதாயி, என்னாச்சு?"

"ஏனுங்க மொதலாளி, உங்க கடுதாசியும் இவருதானுங்க எழுதறாரு. அடியில யாரு பேருங்க இருக்குது?"

யாரோ சிரித்து அடக்கினார்கள். எனக்குக் காது சுட்டது. "பழனிசாமி, மருதாயி பேரை மேல எழுதுங்க" என்றேன்.

அவள் பலகைக்கு அருகில் போய் நின்றாள். "இதுதானுங்களா நானு?"

பிறகு முடிவைச் சொன்னாள். மேகங்கள் ஒவ்வொன்றாக ஊர்களின்மேல் இறங்கி மழையாயின.

தன் பேர் எப்படி இருக்கும் என்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். ஆறு வாரமாக அதைப் பார்க்கவிடாமல் வைத்திருந்தவன் நான்.