வாளியில் கரைந்த படிகம்

எண்பதுகளில் நான் மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். கொசுப்புழு வளர்ப்பதுதான் என் வேலை. பீங்கான் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி, நாய் பிஸ்கட்டை இடித்துத் தூவி, புழுக்கள் கொழுத்ததும் அவற்றில் மருந்தைப் போட்டுக் கொல்ல வேண்டும்.

"வளக்கிறதும் நீ, கொல்றதும் நீ. நல்ல வேலலா ஒனக்கு" என்று அக்கா கேலி செய்வாள்.

அக்கா மெர்போக் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டினாள், பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. கல்யாணமாகிப் பல வருஷம் மாதாவிடம் அழுது, நேர்ந்து, பெற்ற ஒரே மகள் அவளுக்கு. அந்த வருஷம்தான் முதல் வகுப்பில் சேர்ந்திருந்தாள். முந்தைய மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பையன் டிங்கிக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததிலிருந்து அக்காவுக்கு வயிற்றில் நெருப்பு. பட்டப்பகலில் பிள்ளைக்குக் கொசுவலை கட்டுவாள். மழை இருட்டினாலே முகம் மாறிவிடும்.

கொசு எங்கிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீடுகளுக்குப் பின்னால் வெட்டிச் சாய்க்கக் காத்திருந்த கிழட்டு மரங்கள். பால் எடுப்பதை நிறுத்திய பிறகும் மரத்துக்கு மரம் பால்கிண்ணங்கள், எங்கள் பேச்சில் மங்குகள், அப்படியே தொங்கின. பால் ஏந்திய மங்குகளில் இப்போது மழைத்தண்ணீரும் புழுவும். கொட்டினாலும் அடுத்த மழையில் நிறைந்தன, தோட்டத்து ஆபீஸ் சொல்லாமல் கழற்றவும் கூடாது. கழற்றச் சொல்லி அக்கா ஆபீசில் கேட்டுப் பார்த்தாள். நாளைக்கு, நாளைக்கு என்றார்கள். அந்த நாளை வரவே இல்லை.

அப்போதுதான் எங்கள் கூடத்துக்குப் புழுவைக் கொல்லும் புதுத் தூள் வந்தது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. அது வித்தாகச் சுருங்கும்போது கூடவே ஒரு புரதப் படிகத்தையும் செய்து வைக்கிறது. நுண்ணோக்கியில் வித்துக்குப் பக்கத்தில் ஒரு பொடிப் புள்ளி. இவ்வளவு ஆர்ப்பாட்டமும் இதற்குத்தானா என்று இருந்தது எனக்கு.

எங்கள் டாக்டர், அலோர் ஸ்டார்க்கார மலாய்ப் பெண்மணி, கரும்பலகையில் வரைந்து விளக்கினார். நீளமான புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு கட்டியாக இருக்கின்றன. அந்தப் பிடி இருக்கும்வரை படிகம் சாது. நாம் விழுங்கினாலும் நம் வயிற்றில் இருப்பது அமிலம், ஒன்றும் ஆகாது. கொசுப்புழுவின் குடலில் இருப்பதோ காரம். காரம் பட்டதும் பிடி விட்டுப்போய்ப் படிகம் கரைகிறது. குடலில் சுரக்கும் நொதிகள் சங்கிலியின் வேண்டாத துண்டுகளை நறுக்குகின்றன. மிஞ்சுவதுதான் விஷம், அது குடல்சுவரில் ஒட்டி ஓட்டை போடுகிறது. மிஞ்சியது எப்படி மடிந்திருக்கும், எந்தப் பக்கத்தால் துளைக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. டாக்டர் அந்த இடத்தில் பெரிய கேள்விக்குறி போட்டார்.

கடைசியாக ஒன்று சொன்னார். புழு தண்ணீரை வடிகட்டித் துகள்களைத் தின்கிறது. படிகம் துகளாக இருந்தால்தான் அதன் வாயில் சேரும். வெளியிலேயே கரைந்துவிட்டால் கதை முடிந்தது. மழைத்தண்ணீரில் அது எங்கே கரையப்போகிறது என்று அதைக் காதில் வாங்கியும் வாங்காமல் இருந்தேன்.

தூளைத் தோட்டத்தில் போட்டுப் பார்க்க ஆள் தேடினார்கள். அக்கா முந்திக்கொண்டு வந்தாள். வாரம் ஒருமுறை வாளித் தண்ணீரில் கலக்கி, மங்குக்கு ஒரு கரண்டி ஊற்ற வேண்டும். வெயிலில் வைக்காதே, சோப்புப் படவிடாதே என்று டப்பாவில் ஒட்டியிருந்தது. முதல் வாரம் நானும் கூட இருந்தேன். மறுநாள் மங்குகளில் புழுக்கள் செத்து மிதந்தன. அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் வெகுநாளாகப் பார்த்ததில்லை. பிறகு எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அவளே பார்த்துக்கொண்டாள்.

மழை பலமாகப் பிடித்த மாதத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பெல்லாம் செம்புள்ளி, ஈறில் இரத்தம். சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான் எங்களால் முடிந்தது. பள்ளிச் சீருடையைப் போட்டே அடக்கம் செய்தோம்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து நான் பின்பக்கம் போனேன். மங்குகளில் புழுக்கள் உயிரோடு நெளிந்துகொண்டிருந்தன. கொல்லையில் அக்கா கலக்கி வைத்த மருந்து அவளுடைய பால்வாளியிலேயே மிச்சம் இருந்தது. மூடியைத் திறந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மோனியா.

"அக்கா, இதுல என்ன ஊத்துன?"

அக்கா சுரத்தில்லாமல் சொன்னாள். "மருந்து கட்டிகட்டியா அடியில தங்குச்சு. பால் ஒறயாம இருக்க ஊத்துவோம்ல, அதத்தான் ஊத்துனேன். முதநா சாயங்காலமே ஊத்தி வச்சா காலையில கட்டியில்லாம நல்லா நின்னுச்சு. ஏன், ஊத்தக் கூடாதா?"

"தெரியலக்கா" என்றேன். தெரிந்துதான் இருந்தது. அம்மோனியாவும் நல்ல காரம்தானே. புழுவின் குடலில் கரைய வேண்டியது ராத்திரியெல்லாம் வாளியிலேயே கரைந்துபோயிருக்கிறது. டப்பாவில் எழுதியவர்கள் வெயிலை நினைத்தார்கள், சோப்பை நினைத்தார்கள். அவர்களில் ஒருவரும் பால் வெட்டியதில்லை.

வாளித் தண்ணீரைக் கூடத்துக்குக் கொண்டுபோனேன். சோதனைத் தாள் கருநீலமாக மாறியது, கடும் காரம். புழுத் தட்டில் ஒரு கரண்டி ஊற்றிப் பார்த்தோம். மறுநாளும் புழுக்கள் தின்றுகொண்டு திரிந்தன. டாக்டர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பிறகு, தூள் வேறு தோட்டங்களுக்கும் போகிறது, சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார். யார் செய்தது என்று மட்டும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் சொல்லவும் இல்லை. காலைப் பெரட்டில், பேர் கூப்பிடுவதற்காக ஆட்கள் வரிசையில் நிற்க, மருந்தில் அம்மோனியா கலக்காதீர்கள், கலந்தால் மருந்து செத்துவிடும் என்று மலாயில் சொன்னார். ஆனால் அந்தத் தோட்டத்தில் மருந்து கலந்தது ஒருத்திதான். வரிசை முழுக்க அவள் பக்கம் திரும்பியது.

அன்று மதியம் அக்கா கேட்டாள். "அப்ப, நாந்தானா?"

"எந்த மங்குக் கொசு கடிச்சுதுன்னு யாருக்குக்கா தெரியும்? பள்ளிக்கூடத்துலகூடக் கடிச்சிருக்கலாம்."

அது பொய் இல்லை. யாராலும் சொல்ல முடியாததுதான். அக்கா எழுந்து போய் மாதா படத்துக்கு முன்னால் இருந்த மெழுகுவர்த்தியை அணைத்தாள். அதற்குப் பிறகு அவள் அதை ஏற்றி நான் பார்க்கவில்லை.

அந்தத் தூளை எனக்கு இன்றும் பிடிக்காது. அவ்வளவு சாமர்த்தியமாகக் கட்டப்பட்ட ஒரு பொருளுக்குக் குடல் எது, வாளி எது என்று தெரியவில்லையே. தூள் தீர்ந்ததும் சோதனையும் தீர்ந்தது. புதிதாக அனுப்பவில்லை. கிழட்டு மரங்களையும் அடுத்த வருஷம்தான் சாய்த்தார்கள். கரும்பலகைக் கேள்விக்குறியை யாரோ துடைத்திருந்தார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். பால் நிறுக்கும் இடத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் அவளுடைய வாளியை எட்டிப் பார்த்தார். பால் பாதிக்கு மேல் உறைந்து கட்டியாகக் கிடந்தது. நல்ல மனுஷர்தான், அவளிடம் அதட்டிப் பேசவில்லை.

"ஏம்மா, தெனமும் இப்படியே கொண்டாறியே. ரெண்டு சொட்டு அம்மோனியா ஊத்துனா என்னம்மா? பால் கெட்டுப்போவுதுல்ல?"

அக்கா வாளியை அவர் பக்கம் தள்ளினாள்.

"கெட்டுப்போவட்டும்ண்ணே" என்றாள்.