பௌர்ணமி போகட்டும்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எழிலரசி என் தம்பி கோபியின் மனைவி. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். தம்பிக்குப் பெங்களூரில் வேலை, மாசம் ஒரு தடவை வருவான். புருஷன் போன பிறகு நான் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். இருக்கிற வீடு அவளுடையது, அதிகாரம் மட்டும் என்னுடையது.

மாதாமாதம் அந்த மூன்று நாளும் எழில் சுருண்டு படுப்பாள். ஊரில் இல்லாத வலியா என்று பன்னிரண்டு வருஷம் கேட்டேன். கடைசியில் டாக்டர் அதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பேர் சொன்னார். கர்ப்பப்பைக்குள் இருக்கவேண்டிய சவ்வு வெளியே வளர்ந்து குடலோடு ஒட்டிக்கொண்டிருந்ததாம். ஆபரேஷன் செய்து, எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி படிவத்தில் என் போன் நம்பரைத்தான் கொடுத்தேன். எதுவானாலும் முதலில் எனக்குத் தெரியவேண்டும், அப்படி ஒரு புத்தி.

வியாழக்கிழமை ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. இங்கிலீஷ் புரியாமல் நர்ஸுக்குப் போன் போட்டேன். எடுத்த சதையின் செல்லில் மாற்றம் தெரிகிறது, புற்றுநோயா என்று மேற்கொண்டு பார்க்கணும், சீக்கிரம் கூட்டி வாருங்கள் என்றாள்.

சனிக்கிழமை பௌர்ணமி. கிரிவலம் சுற்ற கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் பதினெட்டுப் பேர் எங்கள் வீட்டில்தான் இறங்குவார்கள். சமைப்பது எழில். இப்போது சொன்னால் அவள் இடிந்து உட்கார்ந்துவிடுவாள். வந்தவர்கள் என்ன ஏது என்று துருவுவார்கள். கர்ப்பப்பைச் சமாச்சாரத்தை எந்த முகத்தோடு சொல்வது? பௌர்ணமி போகட்டும் என்று போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். சோறு தின்கிறவள் செய்கிற காரியமா இது?

ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டே புளிசாதம் கிளறினாள். ரிப்போர்ட் வந்ததா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. உப்பு கம்மி என்று குறை வேறு சொன்னேன்.

ஞாயிறு மதியம் வேன் கிளம்பியது. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளிடம் போனை நீட்டினேன்.

"வியாழக்கிழமையே வந்துடுச்சு எழிலு. நான்தான் சொல்லல."

அவள் கையைக் கழுவிவிட்டு நிமிர்ந்தாள்.

"தெரியும் அண்ணி. அன்னிக்கே நானும் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டேன். நாளைக்குக் காலைல வரச் சொல்லியிருக்காங்க."

"அப்புறம் ஏன்டி சொல்லல? தம்பிகிட்டயாவது சொன்னியா?"

"யார்கிட்டயும் சொல்லல. ஆளுங்க வர்ற நேரத்துல படுத்துக்கிட்டேன்னு நீங்க திட்டுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

புற்றுநோயோ என்று மூன்று நாள் அடுப்படியில் ஒற்றையாகத் தவித்திருக்கிறாள். அவளை விலக்கிவிட்டு மிச்சப் பாத்திரத்தைத் தேய்க்க உட்கார்ந்தேன். என் கண்ணீர் அவளுக்குத் தெரியக்கூடாது, அவள் முன்னால் அழ எனக்கு யோக்கியதை இல்லை. அவளுக்கு நோயைவிட என்மேல்தான் பயம்.